கேள்வி பதினான்கும் மூன்று கரண்டிப் பாலும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு படிவத்தை மொழிபெயர்த்தேன், அதற்குள்ளிருந்து இது வந்தது.

தென்காசியில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்கு மூக்குக் குழாய் வழியே கொடுக்கிற உணவில் புரதத்தைக் கூட்டினால் நல்லதா, வழக்கமான அளவே போதுமா என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேருக்குக் கூடுதல் புரதம், மீதிப் பேருக்கு வழக்கமான அளவு. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும். அதன் பிறகு, கொடுத்ததால் என்ன பலன் என்று அளக்க வேண்டும். அதற்குத்தான் படிவம். இருபத்தெட்டாம் நாள் ஆள் உயிரோடு இருக்கிறாரா, தானாக மூச்சு விடுகிறாரா, கைப்பிடியில் எவ்வளவு பலம், எழுந்து உட்காருகிறாரா என்று இருபத்திரண்டு கேள்விகள். தொண்ணூறாம் நாளுக்கு இன்னொரு தாள், அதில் ஐந்து. எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழாக்க உள்ளூரில் ஓர் எழுத்தாளன் கிடைப்பானா என்று விசாரித்து என்னிடம் வந்தார்கள்.

நான் நாலு சிறுகதைத் தொகுப்பு போட்டவன். நாலும் சேர்ந்து விற்றதைவிட இந்தப் படிவம் அதிகம் பிரதி எடுக்கப்பட்டது. நான் எழுதிய வாக்கியங்களிலேயே, உரக்க வாசிக்கப்பட்டு அடுத்த நிமிடம் பதிலும் வந்தவை இவை மட்டும்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது இல்லை.

கேள்வி பதினான்கு இது: 'நோயாளி வாய்வழியாக ஏதேனும் உட்கொண்டாரா? ஆம் / இல்லை. ஆம் எனில், என்ன, எவ்வளவு?'

அதை எழுதிய கைதான் இதையும் எழுதுகிறது. படிக்கும்போது அதை மறந்துவிடாதீர்கள்.

2

தொடக்கம் ஒன்று (கைவிட்டது):

'அன்று காலையிலிருந்தே சாரல். குற்றாலத்து மலை முகம் காட்டவே இல்லை. ஆம்புலன்ஸின் கண்ணாடியில்'

இங்கே நிறுத்திவிட்டேன். தென்காசிக்காரன் கதை எழுதினால் முதல் வரியிலேயே சாரல் விழ வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். மதுரைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு இன்னும் பிடிக்கும். அடித்துவிட்டேன். (அன்று சாரல் உண்மையிலேயே இருந்தது. அது வேறு விஷயம்.)

தொடக்கம் இரண்டு (கைவிட்டது):

'ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் சங்கிலிப்பாண்டி முப்பத்து நாலு வருடம் மற்றவர்களைக் கேள்வி கேட்டார். கடைசி இருபத்தொன்பது நாள் அவரைப் பற்றி மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள்.'

கேட்க நன்றாக இருக்கிறது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு வாக்கியம் வந்து விழுந்தால் அது அந்த மனிதரைப் பற்றியதாக இருக்காது, என் சாமர்த்தியத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். தவிர, இருபத்தொன்பது என்று சொன்னதில் அவர் சாகப்போவதும் வெளியே வந்துவிட்டது. வரட்டும். சங்கிலிப்பாண்டி இருபத்தொன்பதாம் நாள் இறந்துபோகிறார். பிழைப்பாரா மாட்டாரா என்று உங்களைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துக்கொண்டு போகும் எண்ணம் எனக்கு இல்லை.

தொடக்கம் மூன்று: ஹஸீபா.

அவளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கேள்வி கேட்டவள் அவள். நான் எழுதிக் கொடுத்தேன், அவள் வாய் விட்டுக் கேட்டாள்.

3

ஹஸீபாவுக்கு முப்பத்தொரு வயது. உணவியல் படித்தவள். கணவன் இத்ரீஸ் ஷார்ஜாவில். அந்த மருத்துவமனையில் நோயாளிகளின் உணவுக்கும் பொறுப்பு, ஆராய்ச்சியின் படிவங்களுக்கும் பொறுப்பு. முதல் வரைவில் அவளை ஈரமில்லாத பெண்ணாக எழுதினேன். இரண்டாவதில் பத்திக்குப் பத்தி கண்ணைத் துடைக்க வைத்தேன். இரண்டும் பொய். நான் பார்த்த ஹஸீபா வேலையில் படு சுத்தம், அவ்வளவுதான். குழாயில் ஊற்றுகிற மாவைத் தானே நிறுத்துக் கலக்குவாள். சிரிஞ்சில் ஐந்து மில்லி மிச்சம் இருந்தால்கூட எழுதி வைப்பாள். என் தமிழையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"சார், 'உட்கொண்டாரா'ன்னு போட்ருக்கீங்க. இலஞ்சிலயும் சுரண்டையிலயும் போயி அப்படிக் கேட்டா நம்மளத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க. நான் 'வாயால ஏதாச்சும் சாப்பிட்டாங்களா'ன்னு கேக்கேன்" என்றாள்.

கேட்டுக்கொள் என்றேன். இந்த ஆராய்ச்சியில் நான் செய்த ஒரே திருத்தம் அது.

ஆய்வெண் நாற்பத்தொன்று, இலஞ்சி சங்கிலிப்பாண்டி, வயது அறுபத்திரண்டு. நிமோனியா முற்றி வந்து வென்டிலேட்டரில் போட்டார்கள். கணினி குலுக்கியதில் கூடுதல் புரதம் விழுந்தது. பத்தாம் நாள் மூச்சுக்காகத் தொண்டையில் துளை போட்டார்கள். அதற்குப் பிறகு வென்டிலேட்டரைக் கழற்றினார்கள், நினைவும் திரும்பியது, குரல் திரும்பவில்லை. துளை போட்டவர்களுக்குக் குரல் வராது. உதடு மட்டும் அசையும்.

மனைவி இசக்கிச்செல்வி பார்வை நேரம் பதினொன்றுக்கு என்றால் பத்தேகாலுக்கே வந்து கதவருகே நிற்பாள். உள்ளே விட்டதும் கட்டில் பக்கத்தில் போய், ஈரப் பஞ்சால் கணவனின் உதட்டை ஒற்றி எடுப்பாள். முதல் நாள் அவள் பஞ்சை லேசாகப் பிழிந்ததை ஹஸீபா பார்த்துவிட்டாள்.

"அம்மா, வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. பச்சத் தண்ணிகூட. ஒத்தி மட்டும் எடுங்க. உள்ள எறங்குச்சுன்னா நுரையீரலுக்குப் போயிரும்."

"ஒதடு வெடிச்சுப் போயிக் கெடக்கேம்மா."

"எனக்குத் தெரியுது. ஆனா கூடாது."

"அவியளுக்குப் பசிக்காதா?"

"ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி போகுதும்மா. நீங்களும் நானும்கூட அவ்வளவு சாப்பிடல."

ஹஸீபா அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். அதில் ஒரு எண்ணும் தப்பில்லை. இசக்கிச்செல்வி தலையாட்டிக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து பஞ்சைக் கிண்ணத்தின் விளிம்பில் நன்றாக வழித்துவிட்டுத்தான் உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஒரு நாள் சங்கிலிப்பாண்டியின் உதடு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லியது. நாக்கு மேல்பல்லைத் தொடும், வாய் திறக்கும், மறுபடி தொடும். ஹஸீபாவுக்கும் புரிந்தது, இசக்கிச்செல்விக்கும் புரிந்தது. தண்ணி. இசக்கிச்செல்வி ஹஸீபாவைப் பார்த்தாள். ஹஸீபா கூடாது என்று தலையசைத்தாள். இசக்கிச்செல்வி புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

(இந்த இடத்தில் ஹஸீபாவின் மனதில் என்ன ஓடியது என்று எழுத ஆசைப்பட்டேன். ஒன்றும் ஓடவில்லை என்கிறாள் அவள். பன்னிரண்டு மணிக்கு அடுத்த கட்டிலுக்கு மாவு கலக்க வேண்டியிருந்தது, அந்த நினைப்புதான் என்கிறாள். நான் நம்புகிறேன்.)

4

இருபத்தைந்தாம் நாள் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. டாக்டர் குற்றாலிங்கம் இசக்கிச்செல்வியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனிதர், சுற்றி வளைக்க மாட்டார். இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை, இங்கேயே வைத்திருந்தாலும் சில நாட்கள்தான் என்றார்.

"அப்பம் வீட்டுக்குக் கொண்டு போயிருதேன்" என்றாள் இசக்கிச்செல்வி. "அவிய மூச்சு வீட்டுல போகணும். செத்த பெறவு பெட்டியில வச்சுக் கொண்டுபோனா தெருவுக்குள்ள விடுததுக்கே ஆயிரம் பேச்சு பேசுவானுவ."

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். கைவிட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் உயிர் இருக்கும்போதே வீட்டில் கொண்டு சேர்த்துவிட வேண்டும். அதற்குள் வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். மகன் முத்துராஜ் பட்டாளத்தில் இருந்தான், அஸ்ஸாம் பக்கம். அன்றே லீவு கேட்டுக் கிளம்பிவிட்டான்.

இருபத்தாறாம் நாள் ஹஸீபா இசக்கிச்செல்விக்குக் குழாயில் ஊற்றச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இருநூறு மில்லி, தலையை உயர்த்தி வைத்து, மெதுவாக. இசக்கிச்செல்வி இரண்டு முறை செய்து காட்டினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. குற்றால சீசன் நேரம். ஆம்புலன்ஸ் இலஞ்சி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு நடுரோட்டில் நின்றவர்கள் சைரனைக் கேட்டு நிதானமாக விலகினார்கள். அந்த நெரிசலில் என் பைக்கும் நின்றிருக்கலாம். எந்த ஆம்புலன்ஸையும் எனக்கு ஞாபகமில்லை.

வண்டி வெளியேறியதும் ஹஸீபா படிவத்தை எடுத்தாள். மருத்துவமனையை விட்டுப் போன விதத்துக்கு மூன்று கட்டங்கள். 'உயிருடன் வீடு திரும்பினார்.' 'இறந்தார்.' 'வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்.' அவள் முதல் கட்டத்தில் டிக் போட்டாள்.*

* சாவதற்காக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. ஆங்கிலத்தில் இல்லை, ஆகவே தமிழிலும் இல்லை. இல்லாத கட்டத்தைச் சேர்க்க மொழிபெயர்ப்பவனுக்கு உரிமை கிடையாது. அன்று இதை நான் யோசித்தேன், உரிமை கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

5

இருபத்தெட்டாம் நாள், காலை பதினொன்று. ஹஸீபா படிவத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஃபோன் போட்டாள். மணி ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தபோது பின்னால் நிறையக் குரல்கள்.

"அம்மா, ஆஸ்பத்திரில இருந்து ஹஸீபா பேசுதேன். அய்யா எப்படி இருக்காங்க?"

"இருக்காவம்மா."

முதல் கேள்வி முடிந்தது. உயிரோடு இருக்கிறார், ஆம். ஆராய்ச்சி முழுவதையும் தூக்கி நிறுத்தியிருப்பது அந்த ஒரு டிக்தான். ஹஸீபா அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனாள். தானாக மூச்சு? விடுதாவ. உட்காருகிறாரா? இல்லம்மா. கையைப் பிடித்தால் இறுக்குகிறாரா? இல்லம்மா. பதினான்குக்கு வந்தாள்.

"வாயால ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?"



"பால் குடிச்சாவ."

"என்னது?"

"பால் குடிச்சாவம்மா. இப்பத்தான். முத்துராசு காலையில வந்துட்டான். அவன் குடுத்தான். பெறவு நானும்."

"எவ்வளவு?"

"மூணு கரண்டி."

"முழுங்குனாங்களா?"

"முழுங்குனாவ."

ஹஸீபா 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். 'என்ன, எவ்வளவு' என்ற இடத்தில் 'பால், மூன்று கரண்டி' என்று எழுதினாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். அத்தனை நாள் நிறுத்துக் கலக்கி ஊற்றிய மாவுக்கு ஒரு பலன் கிடைத்த சந்தோஷம் அது. 'நாற்பத்தொன்று வாயால் சாப்பிடுகிறார் சார்' என்று டாக்டருக்குச் செய்தி அனுப்பினாள். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

இப்போது நீங்கள் என்னைக் கேட்பீர்கள். தென்காசியில் பிறந்து வளர்ந்தவளுக்கு, வெளியூரிலிருந்து மகன் வந்திறங்கி அப்பன் வாயில் பால் ஊற்றினான் என்றால் என்னவென்று தெரியாதா? சாகக் கிடப்பவர் வாயில் சொந்தபந்தம் வரிசையாக வந்து ஊற்றுகிற பால் அது என்று விளங்காதா? அவள் மாமியார் ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஜம்ஜம் தண்ணீரை, அந்த மாமியாரின் கடைசி நேரத்தில் இதே ஹஸீபாதான் பஞ்சில் தொட்டு வாயில் விட்டாள். அவளுக்கு விளங்காதா?

நானும் கேட்டேன். கோபமாகவே கேட்டேன்.

"தெரியும் சார்" என்றாள். "கையில அந்தத் தாள் இல்லன்னா தெரிஞ்சிருக்கும்."

6

தொண்ணூறாம் நாள் வந்தது. கணினி நினைவூட்டியது: ஆய்வெண் 41, உயிருடன், வாய்வழி உணவு ஆரம்பம், வாழ்க்கைத் தரக் கேள்விகள் நிலுவை. ஹஸீபா ஐந்து கேள்வித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இலஞ்சிக்கு ஃபோன் போட்டாள். இந்த முறை பின்னால் எந்தக் குரலும் இல்லை.

"அம்மா, ஹஸீபா. அய்யா நல்லாருக்காங்களா?"

"அவிய போயி ரெண்டு மாசம் ஆச்சேம்மா."

ஹஸீபா கணினியில் இருந்த 'உயிருடன்' என்ற வார்த்தையைப் பார்த்தாள்.

"நீ ஃபோன் பண்ணுனேல்லா, அதுக்கு மறுநா விடியக்காலம். ஒனக்குத்தான் அன்னைக்கே சொன்னேனே, பால் ஊத்தியாச்சுன்னு."

ஹஸீபா மன்னிப்புக் கேட்டாள். தெரியாமல் கூப்பிட்டுவிட்டேன், வைத்துவிடுகிறேன் என்றாள்.

"ஏன் வைக்க? கூப்புட்டது கூப்புட்ட. எதுக்குக் கூப்புட்டியோ அத கேளு."

"அது அய்யாட்ட கேக்க வேண்டிய கேள்விம்மா."

"அவியதான் இல்லல்லா. என்னையக் கேளு."

விதிப்படி ஹஸீபா 'இறந்தார்' என்று குறித்துவிட்டு தாளை மடக்கியிருக்க வேண்டும். அவள் வாசித்தாள். நான் எழுதிய தமிழில் வாசித்தாள், இந்த முறை மாற்றவில்லை.

"நடமாடுவதில் உங்களுக்குச் சிரமம் உள்ளதா?"

"முருகன் கோயில் வரைக்கும் நடக்கேன். செவ்வாக்கெழம மட்டும்."

"குளிப்பது, உடுத்துவது ஆகியவற்றை நீங்களே செய்துகொள்ள முடிகிறதா?"

"செஞ்சுக்கிடுதேன்."

"அன்றாட வேலைகளைச் செய்வதில் சிரமம் உள்ளதா?"

"ஒறக்கந்தான் சரியில்ல. மூணு மணிக்கொருக்க முழிப்பு தட்டிருது. கொழாயில ஊத்துத நேரம்லா. எந்திச்சு அடுக்களை வரைக்கும் போயிருதேன். பெறவுதான் ஞாபகம் வரும்."

"வலி ஏதேனும் உள்ளதா?"

"இல்ல."

"கவலை, மனச்சோர்வு. இல்லை, ஓரளவு, மிக அதிகம். இதில் எது?"



"அதுல எதுன்னு எனக்குத் தெரியல. நான் நடந்தத சொல்லுதேன், நீயே போட்டுக்கோ. மொதக் கரண்டி முத்துராசு ஊத்துனான். கடவாயில வழிஞ்சிட்டு. ரெண்டாவதும் அவன்தான். அது உள்ள போச்சு, தொண்ட அசைஞ்சத எல்லாரும் பாத்தாவ. மூணாவது நான் ஊத்துனேன். முழுங்கிட்டு வாயத் தெறந்தே வச்சிருந்தாவ. மூடல. கண்ணு என்னையவே பாத்துச்சு. இன்னும் கேக்குதாவன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"அம்மா..."

"நான் குடுக்கல. நீதான் சொல்லிருந்தியே, நுரையீரலுக்குப் போயிரும்னு. அந்தப் பயம். டம்ளர்ல பால் இருந்துச்சு, கையில கரண்டி இருந்துச்சு. வச்சிட்டேன். இத்தன நாளும் வயித்துக்கு ஊத்துனோம், அவிய வாய்க்கு ஒண்ணுமே குடுக்கலயேம்மா. பசியோடயில்லா கெடந்துருக்காவ."

இசக்கிச்செல்வி குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. மருந்துக் கடையில் விலை கேட்பதைப்போலக் கேட்டாள்:

"நீ படிச்சவ, சொல்லு. மூணு கரண்டி குடுத்தது தப்பா, நாலாவது குடுக்காதது தப்பா?"

7

ஹஸீபா என்னிடம் இதுவரைதான் சொன்னாள். அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன். சொல்லவில்லை. ஆகவே முடிவை நான் உண்டாக்க வேண்டியதாகிவிட்டது.

முடிவு ஒன்று. ஹஸீபா டாக்டரிடம் போகிறாள். (இது உண்மையாகவே நடந்தது. கூடவே நானும் போனேன்.) நாற்பத்தொன்றின் பதினான்காம் கேள்வியைத் திருத்த வேண்டும் சார் என்றாள்.

"நீ கேட்ட அன்னைக்கு ஆள் உயிரோட இருந்தாரா?"

"இருந்தாங்க."

"பால் உள்ள போச்சா?"

"போச்சு."

"அப்ப எது பொய்?"

எதுவும் பொய்யில்லை. அதுதான் சங்கடம். டாக்டர் தன் கணினியில் ஒரு படத்தைக் காட்டினார். மதுரையில் ஒரு மாநாட்டில் அதைக் காட்டிக் கைதட்டு வாங்கியிருந்தார். பிரிவுக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கின. ஒவ்வொரு படியும் ஒரு சாவு. சங்கிலிப்பாண்டியின் படி எங்கே என்று தேடினேன். படம் இருபத்தெட்டில் முடிந்துவிட்டது. அவர் படத்தின் ஓரத்துக்கு அந்தப் பக்கம் இறந்திருந்தார். தொண்ணூறு நாள் கணக்கு தனியாக, பின்னிணைப்பில் ஒரு வரியாக இருக்கிறது.

"ஏன் இருபத்தெட்டு?" என்று கேட்டேன்.

"எங்கயாவது நிறுத்தணுமே சார். உலகம் பூரா அங்கதான் நிறுத்துதாங்க."

வாய்வழி உணவுக்குத் திரும்பியவர்கள், கூடுதல் புரதத்தில் பத்தொன்பது பேர், வழக்கமான அளவில் பதினொரு பேர். ஹஸீபா படிவங்களை ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தாள். பத்தொன்பதில் ஏழு பேருக்கு வெறும் 'பால்' என்று எழுதியிருந்தது. பதினொன்றில் நாலு பேருக்கு. எந்தப் பால் என்று எழுத இடம் விட்டிருக்கவில்லை.

"அந்தத் தப்பு ரெண்டு பக்கமும் இருக்குல்லா, அப்ப அடிபட்டுப் போயிரும்" என்றார் டாக்டர். "இந்தாங்க எழுத்தாளர் சார், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. ஒரு ஆளுக்காகப் பாவம் பாத்து நான் ஒரு டிக்கை மாத்தினேன்னா, நாளைக்கு எனக்குப் பிடிக்காத டிக்கையும் மாத்துவேன். அப்புறம் அது ஆராய்ச்சி இல்ல, கதை."

என் தொழிலை என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னார். அவர் சொன்னது சரி. அவரைக் கெட்டவராக எழுத வேண்டும் என்று வீட்டுக்கு வந்து இரண்டு பக்கம் முயன்றேன், வரவில்லை. அடுத்த ஆராய்ச்சிக்கான படிவத்தில் 'நோயாளிக்குப் பசியோ தாகமோ இருந்ததா?' என்று ஒரு கேள்வி சேர்க்கலாமா என்று கேட்டேன். பேச முடியாதவரிடம் அதை எப்படி அளப்பது என்று திருப்பிக் கேட்டார். உதடு அசைந்ததே என்றேன். உதட்டுக்கு அளவுகோல் இல்லை என்றார்.

முடிவு இரண்டு (கைவிட்டது). ஹஸீபா ஸ்கூட்டரில் இலஞ்சிக்குப் போகிறாள். இசக்கிச்செல்வி அவளுக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கிறாள். ஹஸீபா டம்ளரைக் கையில் வாங்கி

இல்லை. வெட்கமாக இருக்கிறது. அவள் போகவே இல்லை. போகும் தைரியம் வரவில்லை என்று அவளே சொன்னாள். பாலைக் கையில் கொடுத்து இரண்டு பெண்களை அழ வைத்தால் நீங்களும் கண் கலங்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். எனக்கும் பேர் கிடைக்கும்.

முடிவு மூன்று (பாதியில் நிற்கிறது). ஹஸீபா ஃபோனில் சொல்கிறாள்: "ரெண்டும் தப்பில்லம்மா. சிறுநீரகம் போன பெறவு பாலால வந்தது ஒண்ணுமில்ல." மருத்துவப்படி பார்த்தால் இது ஏறக்குறைய உண்மை. ஆனால் அந்த 'ஏறக்குறைய' ஹஸீபாவின் தொண்டையில் நிற்கும். மூன்று கரண்டிப் பாலில் ஒரு துளி எங்கே இறங்கியது என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டும் தப்பில்லை என்றால், தண்ணி என்று உதட்டால் கேட்டவருக்கு முதுகைக் காட்டி நின்ற அந்த நாளை இசக்கிச்செல்வி எந்தக் கணக்கில் எழுதிக்கொள்வாள்? தலையசைத்த ஹஸீபா எதில் எழுதிக்கொள்வாள்? கேள்வியை எழுதிக் கொடுத்த நான்?

இன்னொரு முடிவும் யோசித்தேன். அதில் ஹஸீபா நாலாவது கரண்டியையும் கொடுத்திருக்கலாம் அம்மா என்று

வேண்டாம். அதை எந்த உயிருள்ள பெண்ணிடமும் சொல்ல முடியாது.

8

கதையையும் எங்கேயாவது நிறுத்த வேண்டும். அந்த ஃபோன் இன்னும் துண்டிக்கப்படாமல் இருக்கும் இடத்தில் நிறுத்துகிறேன். படிவத்தை இரண்டாம் முறையாக, யாரும் கேட்காமலே, திருத்தியிருக்கிறேன். நிரப்ப எனக்கு வரவில்லை. பேனா உங்களிடம் இருக்கட்டும். ஏதேனும் ஒரு கட்டத்தில் டிக் போட்டே ஆக வேண்டும். 'தெரியாது' என்று ஒரு கட்டம் வைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

14 அ. மூன்று கரண்டி கொடுத்தது தவறா?   ஆம் ☐   இல்லை ☐

14 ஆ. நான்காவது கரண்டி கொடுக்காதது தவறா?   ஆம் ☐   இல்லை ☐

பதிலளிப்பவர் பெயர்: ........................

பதிலை எழுதிவிட்டு வாய் விட்டு ஒரு முறை வாசியுங்கள். மறுமுனையில் இசக்கிச்செல்வி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"லைன்ல இருக்கியாம்மா?"